ஜஸ்டஸ் வரும் இடம்

"பாடி ரிசீவ் பண்றவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு?" என்று டைப்பிங் சென்டர்ப் பெண் சங்கீதா கேட்டபோது, கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே ஜஸ்டஸ், "ஃப்ரெண்ட்" என்றான்.

வாய்ப்பழக்கம்தான். இதுவரை நாற்பத்து மூன்று பேரைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறான். சாரத்திலிருந்து விழுந்தவன், படுத்த கட்டிலிலேயே விடியாமல் போனவன், ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டவன் என்று எத்தனையோ பேர். ஒருவனும் அவனுக்கு உறவில்லை. ஏசி மெக்கானிக் வேலைக்கு லீவு போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷன், கான்சுலேட், உடலைப் பதப்படுத்தும் எம்பாமிங் சென்டர், கார்கோ என்று வெயிலில் அலைவான். ஷார்ஜா முவைலாவிலிருந்து ஜெபல் அலி வரைக்கும் எந்த கேம்ப்பில் கேட்டாலும் 'பெட்டி ஜஸ்டஸ்' என்றால் நம்பர் கிடைக்கும். உறவு என்கிற கட்டத்தில் எப்போதும் ஃப்ரெண்ட் என்றே போடச் சொல்வான். யாருமில்லாதவனுக்கு அதாவது இருக்கட்டுமே என்று.

ஆனால் இன்றைக்குப் பக்கத்தில் நின்றவள் அவன் கூடப்பிறந்த தங்கச்சி சுகிர்தராணி. பெட்டியில் போகப்போகிறவர் அவள் புருஷன்.

சங்கீதா தட்டி முடித்து, தாளை எடுத்து, சீல் வைத்து நீட்டினாள். சுகிர்தராணிதான் வாங்கினாள். படித்தாள். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். ஜஸ்டஸுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏம்மா, அதை மாத்த முடியாதா?" என்று சங்கீதாவிடம் திரும்பிக் கேட்டான்.

"சீல் விழுந்தாச்சே அண்ணா. கான்சுலேட் காப்பியோட இது ஒத்துப்போகணும். இனிமே மாத்தினா இன்னிக்கு ஃப்ளைட்டை மறந்துடுங்க."

இரண்டு நாளைக்கு முந்தி அவனுக்கு ஒரு போன் வந்தது. தெரியாத நம்பர். பெண்குரல். "பெட்டி ஜஸ்டஸா? எனக்கு ஒரு பெட்டி அனுப்பணும்." எல்லாரிடமும் கேட்பதைப் போல, "யாரு, எந்த ஊரு?" என்று கேட்டான். "கின்ஷாசா, காங்கோ" என்றாள் அவள். அப்படி ஒரு ஊருக்கு அவன் இதுவரை பெட்டி அனுப்பியதில்லை. ஊரின் பேரை மறுபடி கேட்டான். அவள் மறுபடி சொன்னாள். பிறகு, "நான் சுகிர்தாவாக்கும்" என்றாள். பதினொரு வருஷம் கழித்துத் தங்கச்சி அண்ணனுக்குப் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

வெளியே பர் துபாய் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வீடு நாலு தெரு தள்ளி. இருவரும் கடைகளின் நிழலை ஒட்டி நடந்தார்கள். நாற்பத்தாறு வயதுக்குள் அவளுக்கு முன்முடி நன்றாக நரைத்துவிட்டிருந்தது. காலையில் சர்ச்சில் பூசை நடந்தது, உடல் இல்லாத பூசை. அதற்கும் ஜஸ்டஸ் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தான். வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"அண்ணே."

"சொல்லு."

"கோடி போடணும்லா."

அவர்கள் கடற்கரை ஊர்களில் அது ஒரு முறை. ஒருத்தியின் புருஷன் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுவேட்டி கொண்டுவந்து பிணத்தின் மேல் போட வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவன், எங்களுக்கு வேண்டியவன் என்று ஊர் முன்னால் சொல்வது அது. கோடி விழாத பிணத்தை ஊரார் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதைவிட, அந்தப் பெண்ணை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

"அதுக்கென்ன, மீனா பஜார்ல கிடைக்கும். வாங்கித் தாறேன்" என்றான் ஜஸ்டஸ்.

அவள் நின்றுவிட்டாள்.

"வாங்கித் தரவா கேட்டேன்? துணி வாங்க எனக்குத் தெரியாதா? நீ போடணும், கேட்டியா. அங்க ஏர்போர்ட்டுல இறங்கினதும் அவிய அக்கா தங்கச்சியெல்லாம் மொதல்ல உன்னைத்தான் கேப்பாவ. ஜஸ்டஸ் வந்தானா, ஜஸ்டஸ் என்ன செய்தான்னு. நான் என்ன சொல்ல?"

"என்னை எப்பிடித் தெரியும் அவங்களுக்கு?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். அவனும் பின்னாலேயே போனான்.

அவனால் சரி என்று சொல்ல முடியவில்லை. கோடி போடுகிறவன் மச்சான். இன்றைக்கு அந்த மனுஷன் மச்சான் என்றால், இந்தப் பதினொரு வருஷமும் மச்சான்தானே? அப்படியானால் பதினொரு வருஷமாகத் தான் செய்தது என்ன? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் ஜஸ்டஸ் பயந்தான்.

வெளிநாட்டு வாழ்க்கையே அவள் கொடுத்தது. நர்ஸ் வேலைக்கு முதலில் வந்தவள் அவள். சம்பளத்தை மிச்சம் பிடித்து அண்ணனுக்கு விசா எடுத்தவள் அவள். ஊரில் வீடு, கடைசித் தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஃபைபர் வள்ளம் எல்லாம் பார்த்து முடிக்கும்போது அவளுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. அப்போதுதான் வேலை பார்த்த கிளினிக்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டு வந்தார் எம்மானுவேல் இலுங்கா. காங்கோ நாட்டுக்காரர், ஐம்பது வயது, பாட்டுக்காரர். இரண்டு வாரம் பாடக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு அவர் அழுதாராம். பெரிய ஆள் ஒருவர் அப்படி அழுது அவள் பார்த்ததில்லையாம். அவரைத்தான் கட்டுவேன் என்று வீட்டுக்கு எழுதினாள்.

அப்பா கத்திக் குதிக்கவில்லை. அது ஜஸ்டஸுக்கே ஆச்சரியம். "நம்மள மாதிரி வேதக்காரன்தானே. நீ போய் ஆளைப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொல்லுததுதான் எனக்கு" என்றார் போனில். அந்தப் பொறுப்பு இவன் தலையில் விழுந்தது.

ஒரு வியாழக்கிழமை டூட்டி முடிந்து பஸ் பிடித்துப் போனான். பழைய ஹோட்டல், படியிறங்கிக் கீழே போக வேண்டும். வாசலோடு நின்றான். மேடையில் வானநீலக் கோட்டு சூட்டில் உயரமாக ஓர் ஆள். சும்மா சொல்லக்கூடாது, குரல் இருந்தது. கொஞ்ச நேரம் ஜஸ்டஸ் நின்று கேட்கத்தான் செய்தான். அப்போது கூட்டத்திலிருந்து தடியான ஒருவன் ஆடிக்கொண்டே மேடைக்குப் போனான். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். நாக்கில் தொட்டு, பாடிக்கொண்டிருந்தவர் நெற்றியில் ஒட்டினான். இவர் சிரித்தார். பின்னாலேயே இன்னொருவன் வந்து இன்னொரு நோட்டை ஒட்டினான்.

ஜஸ்டஸ் மேடையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான். நெற்றியில் காசு ஒட்டி அவன் பார்த்தது பிணத்துக்கு மட்டும்தான். ஆறு வயதில், பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. ஆள் கூட்டத்தில் காலிடுக்கு வழியாகப் பார்த்தது. மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் ஒரு ரூபாய். அன்றைக்குப் பிறகு எத்தனையோ நாள் அந்த ரூபாய் கனவில் வந்து தூக்கம் கெட்டிருக்கிறது. பெட்டி அனுப்புகிறவன், அதற்குப் பிறகு இன்றுவரை வேறு ஒரு பிணத்தின் முகத்தையும் பார்த்ததில்லை. எம்பாமிங் சென்டர் வாசலில் தாள்களோடு நிற்பான், உள்ளே போகமாட்டான். அது ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கும் திரும்பிவிட்டான். படி ஏறும்போது கீழே பாட்டு சட்டென்று நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தான். முடியவில்லை, இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி தொடங்கியது. அந்த நிசப்தம் ஏனோ அவனுக்கு மறக்கவே இல்லை.

அப்பாவுக்கு அன்றே போன் செய்தான். "நெத்தியில காசு ஒட்டுதானுவ அப்பா. பொணத்துக்கு ஒட்டுத மாதிரி. அவனும் இளிச்சிட்டு நிக்கான். அவனுக்கெல்லாம் மானம் ரோசம் கிடையாது." அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்பம் அவ நமக்குச் செத்தாச்சு" என்று போனை வைத்தார். நாலு வருஷம் கழித்து அவரும் போனார். சாவுக்கு சுகிர்தராணி வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் வரவில்லை.

வீடு இரண்டாம் மாடி. கதவு திறந்தே கிடந்தது. வாசல் நிறையச் செருப்புகள். ஹாலில் இலுங்காவின் பாண்டுக்காரர்கள் ஐந்து பேர் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். தலை நரைத்த ஒருவர் எழுந்து வந்தார். பாஸ்கல், பாஸ் கிட்டார்க்காரர், இலுங்காவோடு நாற்பது வருஷம் இருந்தவர் என்றாள் சுகிர்தராணி. பிறகு அவரிடம் திரும்பி, "இது ஜஸ்டஸ்" என்றாள்.

பாஸ்கல் நீட்டிய கை அப்படியே நின்றது.

"ஜஸ்டஸ்? அந்த ஜஸ்டஸா?"

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான், ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. ஒருவர் தோளைத் தொட்டுப் பார்த்தார், நிஜமா என்கிற மாதிரி. டிரம்ஸ் அடிக்கிறவர் போனில் யாரையோ கூப்பிட்டு, அவர்கள் பாஷையில் மளமளவென்று பேசி ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் ஏழெட்டுக் குரல்கள். அதில் ஒரு பெண்குரல், "ஜஸ்டஸ்! ஜஸ்டஸ்!" என்று அழுதது.

ஜஸ்டஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட ஏன் என்று புரிந்திருக்கும். இது என்ன கூத்து?

"அவிய மூத்த அக்கா" என்றாள் சுகிர்தராணி போனைக் காட்டி. "நான் சூட்டை எடுத்துட்டு வாறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

சுவர் முழுவதும் இலுங்கா. மீசை முளைக்காத வயதில் சர்ச் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்கிறார். இருபத்தாறு வயதில் சொந்த பாண்டு தொடங்கிப் பதினெட்டு பேரோடு லாரி மேல் நிற்கிறார். ஸ்டேடியத்தில் பாடுகிறார், தலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நைரோபி, பாரிஸ் போஸ்டர்கள். கேசட் அட்டைகளை வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பிறகு படங்களில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. பதினெட்டு பேர் பன்னிரண்டாகி, ஏழாகி, கடைசிப் படங்களில் ஆறு பேர், சின்ன மேடை, பின்னால் ஹோட்டல் பெயர். நாட்டில் சண்டை வந்து கச்சேரிகள் நின்றபோது மூன்று மாத கான்ட்ராக்டில் துபாய் வந்தவர் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டார். இதெல்லாம் ஜஸ்டஸுக்குத் தெரியாது. ஏதோ ஹோட்டலில் கூத்தடிக்கிறவன் என்றுதான் நினைத்திருந்தான். முவைலாவிலிருந்து அரை மணி நேர தூரம். ஒருநாள் வந்து இந்தச் சுவரைப் பார்த்திருந்தால் போதும்.

சூட்டை டிரம்ஸ்காரர் முன்னாலேயே எம்பாமிங் சென்டருக்குக் கொண்டுபோனார்; மீனா பஜாருக்கு வேட்டி வாங்கப் போனபோது பாஸ்கலும் கூட வந்தார். அவர் பேசியது பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். ஜஸ்டஸின் ஹிந்தியும் அதே கடையில் வாங்கியதுதான் என்பதால் தடங்கல் இல்லை.

"பாய், உங்களுக்கெல்லாம் என் பேர் எப்பிடித் தெரியும்?" என்று அவன் கேட்டுவிட்டான்.

பாஸ்கல் நடப்பதை நிறுத்தி அவனைப் பார்த்தார். "தங்கச்சி சொல்லலையா?"

"நாங்க பேசிக்கிறதில்லை."

"ஓ." அவர் கடை நிழலுக்கு ஒதுங்கினார். "எங்க பாட்டு ரொம்ப நீளம். நடுநடுவுல ஆளுங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவோம். அதுக்குக் காசு உண்டு. கார்கோ வியாபாரி, வைரக்காரன், மந்திரி, எல்லாரும் குடுப்பாங்க. பேர் வந்ததும் அந்த ஆள் ஆடிக்கிட்டே மேடைக்கு வரணும். வந்து பாடறவன் நெத்தியில நோட்டு ஒட்டணும். அது மரியாதை. நீ பாடு, நான் இருக்கேன்னு அர்த்தம். கூப்பிட்டு ஆள் வரலேன்னா பாட்டுக்காரனுக்கு அவமானம்."

ஜஸ்டஸ் கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றான்.

"நம்ம பாஸ் இலுங்கா நாப்பது வருஷத்துல காசு வாங்காம கூப்பிட்டது ஒரே ஒரு பேர். ஒரு வியாழக்கிழமை பாடிக்கிட்டிருக்கும்போது வாசல்ல ஒருத்தன் வந்து நின்னான். நீல யூனிஃபார்ம், கையில டிபன் பை. தங்கச்சி போட்டோ காட்டியிருந்தாங்க, அதனால பாஸுக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்களுக்குக் கண்ணைக் காட்டிட்டு, 'ஜஸ்டஸ் போக்கிலோ'ன்னு கூப்பிட்டார். போக்கிலோன்னா எங்க பாஷையில மச்சான். நாங்க எல்லாரும் வாசிக்கிறதை நிறுத்தினோம். வர்றவன் வரட்டும்னு. பாத்தா வாசல்ல ஆள் இல்லை."

ஜஸ்டஸுக்குப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. சட்டென்று நின்ற பாட்டு, இரண்டு மூச்சு விடும் நேரம். அது முடிவில்லை. டிரம்ஸ் சத்தத்தில் பெயர்தான் காதில் விழவில்லை; அவனுக்காக நிறுத்தியது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு படியேறிய நேரம் முழுக்க, கீழே ஒரு மேடையே அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் என்ன, அந்தப் பாட்டை ரெக்கார்டு பண்ணினப்போ அந்த இடத்தையும் சேத்துட்டார். கின்ஷாசாவுல டாக்சிக்காரன்கூட 'ஜஸ்டஸ் போக்கிலோ'ன்னு கத்துவான். துபாய்ல நீ பெரிய பணக்காரன்னு அங்க நெனப்பு." பாஸ்கல் லேசாகச் சிரித்தார். "இங்க ஹோட்டல்ல தினமும் பாடுவோம். ஜஸ்டஸ் வரும் இடம்னு நாங்க அதுக்குப் பேரே வெச்சிருந்தோம். ரெண்டு தாளம் நிறுத்துவோம். பாஸ் வாசலைப் பாப்பார். யாரும் வரமாட்டாங்க. மறுபடி ஆரம்பிப்போம். கூட்டத்துல சிலபேர் சிரிப்பாங்க. எனக்குக் கோவம் வரும். அந்த இடத்தை எடுத்துடலாம் பாஸ், அவன் வரமாட்டான்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"மச்சானுக்கு வேலை தூரத்துல. பஸ் லேட்டாகும்னார்."

கடைக்காரர் வேட்டிகளை எடுத்துப் போட்டார். பட்டுக்கரை, ஜரிகைக்கரை. "கல்யாணமா சார்?" என்று கேட்டார். ஜஸ்டஸ் ஜரிகைக்கரையைத் தொட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஐம்பது வயது ஆள், பட்டப்பகலில், கடை நடுவில் நின்று அழுதான். பாவி மனுஷன், பாவி மனுஷன் என்று தன்னையேதான் திட்டிக்கொண்டான். கடைக்காரர் அந்த வேட்டிகளை உள்ளே வைத்துவிட்டு, கரையில்லாத வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

எம்பாமிங் சென்டர் வாசலில் நிழல் இருந்த இடமெல்லாம் ஆட்கள். நேபாளிக் கூட்டம் ஒன்று, ஆந்திராக்காரர்கள் சிலர், தத்தம் பெட்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இருந்து கீழக்கரைக்காரர் அப்துல் ஹாதி எட்டிப் பார்த்தார். நாற்பத்து மூன்று பெட்டியிலும் முக்கால்வாசி அவர் கையால் மூடியது.

"என்ன பெட்டி, கேஸ் கொண்டாந்துட்டீங்களா? பேப்பரைக் குடுங்க. ஃபேமிலியை உள்ள அனுப்புங்க. அஞ்சு நிமிஷம்தான், ஏர்போர்ட் வண்டி வந்து நிக்குது."

சுகிர்தராணி பையிலிருந்து எடுத்துத் தந்த தாளையும் சேர்த்து ஜஸ்டஸ் தாள்களைக் கொடுத்தான். அதில் அவன் ஃப்ரெண்ட் என்றுதான் இருந்தது. கொடுத்துவிட்டு வழக்கம்போல ஒதுங்கி நிற்கவில்லை. வேட்டிப் பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தான்.

"நீங்களா? நீங்க உள்ள வரமாட்டீங்களே. யாரு, தெரிஞ்சவரா?"

"என் மச்சான்" என்றான் ஜஸ்டஸ்.

அப்துல் ஹாதி தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சுகிர்தராணியைப் பார்த்தார். "வாங்க" என்று கதவை அகலத் திறந்துவிட்டார்.

சுகிர்தராணி அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் சட்டைக் கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

அறை குளிர்ந்து கிடந்தது. மருந்து வாடை. மேசை மேல் பெட்டி. ஜஸ்டஸ் முதலில் தரையைப் பார்த்தான், பிறகு பெட்டியின் பலகையைப் பார்த்தான். ஆறு வயதில் பார்த்த அந்த முகம் இங்கேயும் இருக்கும் என்று பயந்தான்.

அங்கே இருந்தது வேறு ஒரு முகம். நரைத்த மீசையை யாரோ ஒழுங்காகச் சீவியிருந்தார்கள். வானநீலக் கோட்டு சூட்டு, தோளில் கொஞ்சம் தொளதொளவென்று. மனுஷன் இளைத்துப் போயிருந்தார். அடுத்த பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி இருப்பவர் போலத்தான் இருந்தார்.

அவன் காகிதத்தைப் பிரித்தான். வேட்டியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தான், நேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வேட்டியை உதறி விரித்து, நெஞ்சிலிருந்து கால் வரைக்கும் போர்த்தினான். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தான்.

"போட்டாச்சு சுகிர்தா" என்றான்.

அதுவரை அழாமல் இருந்தவள் அப்போது அழுதாள். "உங்க மச்சான் வந்திருக்கான், பாத்தியளா" என்று புருஷனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். "பஸ் லேட்டாயிப் போச்சு, வந்திருக்கான்."

வெளியே மற்ற குடும்பங்கள் நின்றதால் பாஸ்கல் வாய்க்குள்தான் பாடத் தொடங்கினார். பிறகு மற்ற நாலு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை. ஒருவர் மட்டும் விரலால் தொடையில் தாளம் போட்டார். மெதுவான பாட்டு. பெயர்கள் ஒன்றொன்றாக வந்தன, ஊர்ப்பெயரோடும் பட்டத்தோடும். ஜஸ்டஸுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எதை நோக்கிப் போகிறது என்று தெரிந்தது. மேலெல்லாம் வேர்த்தது, அந்தக் குளிரிலும்.

"ஜஸ்டஸ் போக்கிலோ" என்றார் பாஸ்கல்.

எல்லாரும் நிறுத்தினார்கள். தொடையில் தட்டிய விரலும் நின்றது. இந்த முறை யாரும் வாசலைப் பார்க்கவில்லை.

ஜஸ்டஸ் பர்ஸை எடுத்தான். என்ன நோட்டு என்று பார்க்கவில்லை. கைக்கு வந்ததை உருவினான். தன் நெற்றி வேர்வையில் அதை ஒற்றி எடுத்தான். குனிந்து, மச்சான் நெற்றியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினான். நெற்றி ஜில்லென்று இருந்தது. கையை எடுக்க அவனுக்குப் பயமாக இருந்தது, விழுந்துவிடுமோ என்று. எடுத்தான். விழவில்லை.

பாட்டு மறுபடி தொடங்கியது.

பெட்டிக்குள் பணம் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். அப்துல் ஹாதி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தார். பாட்டு முடியட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.